மலை ஏறும் ஜீப்பில் எத்தனை பேர்?



பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் மூடியதுமே வீட்டுக்கு வீடு ஒரு பேச்சு ஆரம்பித்துவிடும். "எங்கேயாவது போகலாமே?" ஊட்டி போயாச்சு, கொடைக்கானல் போயாச்சு, ஏற்காடும் பார்த்தாச்சு. அந்த நேரம் பார்த்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒரு வீடியோ போடுவார்கள். காலுக்குக் கீழே மேகம், அதற்கு மேலே எழும்பி வரும் சூரியன், பாறை ஓரத்தில் கையை விரித்தபடி ஒரு பையன். அடுத்த காட்சியில் கல்லும் குழியுமான பாதையில் ஆடி ஆடி ஏறும் ஜீப், உள்ளே அலறலும் சிரிப்பும். 'கொழுக்குமலை, செம த்ரில்' என்று கீழே ஒரு வரி. அரை மணி நேரத்தில் மச்சான், சித்தப்பா, அத்தை பிள்ளைகள் என்று ஆளாளுக்குக் கட்டைவிரலை உயர்த்திவிடுவார்கள். ஒரே நாளில் போய்வரத் திட்டமும் தயாராகிவிடும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் இந்தப் பக்கம் உங்களுக்குத்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போக வேண்டாம் என்று தடுப்பதற்காக நான் எழுதவில்லை. தாராளமாகப் போங்கள். எங்கள் அலுவலகக் குடும்பங்கள் சில சேர்ந்து அண்மையில் மூன்று ஜீப்புகளில் அங்கே போய்வந்தோம். மனசு நிறைந்த நாள் அது. ஆனால் அந்த மலைப்பாதையில் போகும்போதும், வழியில் எதிர்ப்பட்ட மற்ற வண்டிகளைப் பார்த்தபோதும், கிளம்பும் முன்பே வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டியவை எத்தனை இருக்கின்றன என்று தோன்றியது.

கொழுக்குமலை இருப்பது நம் தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூர் வட்டத்தில். ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளத்துக்குள் நுழைந்துதான் போக முடியும். போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டு, அங்கிருந்து பூப்பாறை, பிறகு இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லி. நம் கார், வேன் எல்லாம் அதோடு சரி. அதற்கு மேல் பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம், உள்ளூர் ஜீப்தான். இந்தப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்றால் பாதை எப்படி இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

உச்சியில் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில், உலகிலேயே உயரமான தேயிலைத் தோட்டங்களில் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் மீசைப்புலிமலை. 2,640 மீட்டர் உயரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மிக உயரமான சிகரங்களில் அதுவும் ஒன்று. இன்னொரு பக்கம் மலை செங்குத்தாக இறங்கி, கீழே குரங்கணியும் போடிச் சமவெளியும் தெரியும். சூரிய உதயம் பார்க்க வேண்டுமென்றால் சூரியநெல்லியில் விடியற்காலை நாலு, நாலரைக்கெல்லாம் ஜீப்பில் ஏறிவிட வேண்டும்.

சரி, யார் யார் ஏறுவது?

இங்கேதான் நம் குடும்பங்களின் பழக்கம் குறுக்கே வந்து நிற்கிறது. ஒரு ஜீப்புக்கு ஆறு பேர் என்பதுதான் அங்கே உள்ள கணக்கு. நாம் எட்டுப் பேர், கூட இரண்டு பொடிசுகள். இரண்டு ஜீப் எடுத்தால் வாடகை இரண்டு மடங்கு. உடனே நம் வாயில் வருவது என்ன? "கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்துக்கலாம்ணே. குழந்தைங்க மடியில இருக்கும். ஒரு மணி நேரம்தானே?" கல்யாண வீட்டுக்கு வேனில் போகும்போது நெருக்கி உட்கார்ந்து பழகியவர்கள் நாம். அதில் ஒரு சந்தோஷமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சமதளத்துத் தார் ரோட்டில் செல்லுபடியாகும் அந்தப் பழக்கம் மலைச்சரிவில் செல்லாது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், வீட்டில் வாதம் வந்தால் உதவும். ஜீப் உயரமான வண்டி. பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சுகள். கூடுதலாக ஏறும் ஆட்கள் எல்லாரும் அந்தப் பின்பக்கத்தில், பின் சக்கரத்துக்கு மேலேயும் அதற்குப் பின்னாலும்தான் உட்காருவார்கள். செங்குத்தான ஏற்றத்தில் வண்டி மூக்கை மேலே தூக்கும்போது பாரம் முழுக்கப் பின்னால் சாயும். முன் சக்கரங்களில் பாரம் குறையும். முன் சக்கரத்துக்குத் தரையில் பிடி இல்லையென்றால் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி திரும்பாது. அதுவும் ஒரு பக்கம் பள்ளமாக இருக்கும் வளைவில்! பாரம் உயர உயர வண்டி பக்கவாட்டில் கவிழும் அபாயமும் கூடுகிறது. பின்னால் நின்றுகொண்டு கம்பியைப் பிடித்தபடி வீடியோ எடுக்கும் இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். நிற்கும் ஒவ்வொரு ஆளும் அந்த உயரத்துக்கு இன்னும் கொஞ்சம் பாரத்தை ஏற்றுகிறார்.

மடியில் வைத்திருக்கும் குழந்தை? பெரிய கல்லில் ஏறி இறங்கும் வண்டியில் நம்மை நாமே பிடித்துக்கொள்ள இரண்டு கையும் வேண்டும். குழந்தையை எந்தக் கையால் பிடிப்பது?

எங்கள் ஜீப் ஓட்டுநர் சூரியநெல்லிக்காரர். அந்தப் பக்கத்தில் தமிழ் பேசும் தோட்டக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. நாற்பதைத் தாண்டிய மனிதர், அதிகம் பேசமாட்டார். இறக்கத்தில் எங்களில் ஒருவர் பதற்றத்தில், "அண்ணே, பிரேக்கைப் பிடிங்கண்ணே" என்று கத்தியபோது, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "பிரேக்கை நம்பி எறங்கலக்கா. கியரை நம்பித்தான் எறங்குறேன்."

மலைப்பாதையில் வண்டி ஓட்டும் வித்தையில் பாதி அந்தப் பதிலில் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த ஜீப்புகளில் கியர் லிவருக்குப் பக்கத்திலேயே இன்னொரு சின்ன லிவர் இருக்கும். அதைப் போட்டால் நாலு சக்கரமும் இழுக்கும். இன்னும் ஒரு தட்டுத் தட்டி 'லோ'வில் போட்டால், எஞ்சின் வேகமாகச் சுற்றினாலும் சக்கரம் மெதுவாகத்தான் உருளும்; இழுவை மட்டும் பல மடங்காகும். ஏறும்போது அது வண்டியைத் தூக்குகிறது. இறங்கும்போது அதுவே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. முதல் கியரில் போட்டுவிட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டால், எஞ்சினே சக்கரத்தை ஓடவிடாமல் இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை மட்டுமே நம்பி நீண்ட இறக்கத்தில் வந்தால் என்ன ஆகும்? பிரேக் அடுப்பில் ஏறிய தோசைக்கல் மாதிரி சூடாகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் பிரேக் ஆயிலே கொதித்து, மிதித்தால் கால் சும்மா உள்ளே போகும். மலையிலிருந்து இறங்கும் வண்டிகளில் கருகல் வாசனை வருவதைப் பல பேர் கவனித்திருப்பீர்கள். அந்த வாசனை வந்தால் வண்டியை நிறுத்தி, ஆறவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஆனால் உள்ளே இருக்கும் நாம் என்ன சொல்கிறோம்? "ஏன் நிறுத்திட்டீங்க, நேரமாகுதே!"

இன்னொரு காட்சி. ஒரு மேட்டில் ஏறும்போது எங்களுக்கு முன்னால் போன ஜீப் பாதியில் நின்றுவிட்டது. எஞ்சின் அணைந்துவிட்டது. கூட்டத்தில் ஒரே சத்தம். அந்த ஓட்டுநர் அவசரப்படவில்லை. கிளட்சை மிதித்துவிட்டு வண்டியை உருளவிடவில்லை. ஹாண்ட் பிரேக்கைப் போட்டார், ரிவர்ஸ் கியரில் போட்டார், வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்கினார். வண்டியைத் திருப்ப முயலவே இல்லை. சரிவில் வண்டி குறுக்கே நின்றால்தான் கவிழும். நேராக இருக்கும்வரை ஆபத்து குறைவு. கீழே வந்து மூச்சு விட்டு, வேறு தடம் பார்த்து, மறுபடி ஏறினார். இரண்டாவது தடவை ஏறிவிட்டது. அந்த இரண்டு நிமிடமும் அவருக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: உள்ளே இருப்பவர்கள் வாயை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பது.

கூட்டமாகப் போகும்போது கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கும் அந்த ஓட்டுநர்களிடம் இயல்பாகவே இருந்தது. முன்னால் போகும் ஜீப் மேட்டை ஏறி முடிக்கும்வரை பின்னால் வருகிறவர் கீழேயே காத்திருந்தார். எதிரே வண்டி வந்தால், இறங்கும் வண்டி ஒதுங்கி ஏறும் வண்டிக்கு வழி விட்டது. ஏற்றத்தில் ஒருமுறை நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது கஷ்டம் என்பதால் வந்த வழக்கம் இது. குறுகலான இடத்தில் ஒருவர் இறங்கி முன்னால் போய் நின்று, சக்கரம் எந்தக் கல்லில் ஏற வேண்டும் என்று கையைக் காட்டினார். கையைக் காட்டியவர் ஒருவர்தான். நம்மில் நாலு பேர் இறங்கி ஆளுக்கொரு பக்கம் "லெஃப்ட், லெஃப்ட்", "ரைட்டு, ரைட்டு" என்று கத்தினால் அவர் யாரைப் பார்ப்பார்?

இந்த இடத்தில் பல வாசகர்களுக்கு ஒரு கேள்வி வரும். "நம்மகிட்டயே எஸ்யூவி இருக்கே, அதில் போனால் என்ன?" கொழுக்குமலைக்கு அந்தக் கேள்வியே எழாது, உள்ளூர் ஜீப்தான். ஆனால் வேறு மலைகளில், வேறு காட்டுப் பாதைகளில் சொந்த வண்டியை இறக்கும் ஆசை இப்போது கூடிக்கொண்டு வருகிறது. உயரமாக, அகலமாக இருப்பதால் மட்டும் ஒரு வண்டி மலை ஏறிவிடாது. நம் தெருக்களில் ஓடும் எஸ்யூவிகளில் மிகப் பெரும்பாலானவை முன் சக்கரம் மட்டுமே இழுப்பவை. மஹிந்திராவின் 'தார்' வண்டியில்கூட 2023-ல் இருந்து பின் சக்கரம் மட்டும் இழுக்கும் மாடலும் விற்பனையில் இருக்கிறது. நம் வண்டியில் அந்தச் சின்ன லிவரோ, அந்த வேலையைச் செய்யும் சுவிட்சோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும், அதை எப்போது போட வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்று ஒரு நாள் ஒதுக்கி, தெரிந்தவரிடம் சமதளத்து மண் பாதையில் கற்றுக்கொண்ட பிறகு மலையைப் பற்றி யோசிக்கலாம். தனி வண்டியாகப் போகவே வேண்டாம். சிக்கிய வண்டியை இழுக்க இன்னொரு வண்டி வேண்டும். கயிறு கட்டி இழுக்கும்போது குழந்தைகளைக் கயிறு போகும் வரிசையிலிருந்து வெகுதூரம் தள்ளி நிறுத்துங்கள். அறுந்து திரும்பும் கயிறு, கொக்கியோடு வந்து ஆளை அடிக்கும்.

வாடகை வண்டி பேசும்போது நம்பர் பிளேட்டையும் பாருங்கள். மஞ்சள் பலகை என்றால் வாடகைக்கு ஓட்ட அனுமதி பெற்ற வண்டி. வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கு. சொந்த உபயோகத்துக்கான இன்சூரன்ஸ் பாலிசியில், வாடகைக்கு ஓட்டக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். ஏதாவது ஆகிவிட்டால், அந்தக் காரணத்தைச் சொல்லியே இழப்பீட்டை மறுக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வழி இருக்கிறது. இருநூறு முந்நூறு ரூபாய் குறைகிறதே என்று ஏறி உட்காரும் குடும்பத்துக்கு அந்த நேரத்தில் இது தெரிவதில்லை. சம்பாதிக்கும் ஒரே ஆள் அந்த வண்டியில் இருந்தால், பின்னால் அந்த வீட்டின் கதி என்ன?

2025 ஜூலையில் மூணாறு பக்கம் நடந்த ஒரு ஜீப் விபத்துக்குப் பிறகு, இடுக்கி மாவட்ட நிர்வாகம் ஜீப் சவாரிகளுக்கே தடை போட்டது. பிறகு நிபந்தனைகளோடு சில பாதைகளைத் திறந்துவிட்டார்கள். பலத்த மழைக்கு எச்சரிக்கை வரும் நாட்களிலும் மலைச் சுற்றுலாவை நிறுத்துவார்கள். அதனால் கிளம்புவதற்கு முதல் நாள் ஒரு போன் போட்டு, சவாரி நடக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. 'அதான் எல்லாரும் போறாங்களே' என்று குறுக்கு வழி காட்டுபவர்கள் பின்னால் போகாதீர்கள். தடை என்றால் தடைதான். ஒரு நாள் பெட்ரோல் செலவு வீணாய்ப் போனால் போகட்டும்.

யானையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்னக்கானல், சூரியநெல்லி வட்டாரம் முழுக்க யானை நடமாட்டம் உள்ள இடம். 'அரிக்கொம்பன்' நினைவிருக்கிறதா? அரிசி தேடி ரேஷன் கடையை உடைத்துப் பெயர் வாங்கிய யானை. 2023 ஏப்ரலில் சின்னக்கானலில்தான் அதைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே மாதக் கடைசியில் அது கம்பம் ஊருக்குள் வந்து நின்றது. ஜூனில் நம் வனத்துறை பிடித்து முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனது. ஒரு யானை போய்விட்டது, மற்ற யானைகள் அங்கேதான் இருக்கின்றன. விடியற்காலை நாலு மணி அவற்றின் நேரம். இருட்டில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, டார்ச் அடித்துக் காட்டுக்குள் பார்ப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். ஓட்டுநர் விளக்கை அணைத்து நிறுத்தினால், ஏன் என்று கேட்காமல் அமைதியாக இருங்கள்.

இனி, வீட்டுக்குள் பேச வேண்டியவை.

மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குளிர் கூடும். தேனிச் சமவெளியிலிருந்து உச்சிக்கு இரண்டாயிரம் மீட்டருக்கும் மேல். கீழே வியர்த்துக்கொண்டு வண்டி ஏறிய குழந்தை, மேலே பற்கள் கிட்டிக்க நிற்கும். திறந்த ஜீப்பில் காற்று வேறு. ஆளுக்கொரு ஸ்வெட்டரும் காது மூடத் துண்டோ குல்லாவோ இல்லாமல் ஏறாதீர்கள். 'வெயில் காலம்தானே' என்ற கணக்கு மலைக்குத் தெரியாது.

வாந்தி பெரிய பிரச்சினை. ஆட்டத்தைக் காது உணர்கிறது, கண் உணரவில்லை என்னும்போதுதான் குமட்டல் வருகிறது. ஆகவே போனைப் பார்க்காமல் முன்னால் தூரத்துப் பாதையைப் பார்த்தபடி உட்காருவது நல்லது. முதல் நாள் இரவு பரோட்டாவும் சால்னாவும் வேண்டாம், இரண்டு இட்லி போதும். மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரைக் கேட்டு, ஏறுவதற்கு அரை மணிக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்; குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை.

ஜீப் ஏறும் வழியில் கழிப்பறை கிடையாது. இதை யாரும் வீடியோவில் சொல்வதில்லை. இதனால் நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அப்படி வாய் காய்ந்து வந்தவர்களுக்குத்தான் மலையில் முதலில் தலை சுற்றுகிறது. சூரியநெல்லியில் நல்ல கழிப்பறை உள்ள இடத்தில் தங்குங்கள். கிளம்பும் முன் எல்லாருக்கும் பத்து நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள். பயணத் திட்டத்தைப் பெரும்பாலும் ஆண்கள்தான் போடுகிறார்கள் என்பதால் இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

கர்ப்பிணிகள், முதுகுத்தண்டில் கோளாறு உள்ளவர்கள், அண்மையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், இதயத்துக்கு வைத்தியம் பார்ப்பவர்கள், கைக்குழந்தைகள்: இந்தப் பாதை இவர்களுக்கு இல்லை. 'அம்மா ஆசைப்படுறாங்க' என்பார்கள். அம்மாவின் ஆசை பெரிதுதான். அதற்கு வேறு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன். மேலே யாருக்காவது முடியாமல் போனால் ஆம்புலன்ஸ் அந்தப் பாதையில் வராது. நாம் ஏறிவந்த அதே ஜீப்தான், அதே குலுக்கலோடு, கீழே கொண்டுவர வேண்டும். பல இடங்களில் போன் சிக்னலும் கிடைக்காது. எந்த வண்டியில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது ஒன்று உண்டு. கூட்டமாகப் போகும்போது யாராவது ஒருவர் தயங்குவார். ஒரு மருமகள், ஒரு பத்து வயதுப் பையன், சில நேரம் நன்றாக வளர்ந்த ஓர் ஆண். "எனக்குப் பயமா இருக்கு, நான் வரலை" என்று மெல்லச் சொல்வார். உடனே நாம் எல்லாரும் சேர்ந்து சிரிக்கிறோம், கேலி செய்கிறோம், கையைப் பிடித்து ஏற்றிவிடுகிறோம். மனம் ஒப்பாமல் ஏறியவர் வளைவில் பயந்து எழுந்து நிற்பார், கதவுப் பக்கம் சாய்வார், ஓட்டுநரின் தோளைப் பிடிப்பார். வண்டியில் இருக்கும் எல்லாருடைய உயிரும் அந்த நேரத்தில் அவர் கையில். கேலி செய்து ஏற்றியவர்கள் யார்?

ஆகவே கிளம்பும் முன்பே வீட்டில் பேசி வையுங்கள். 'வேண்டாம்' என்று யார் சொன்னாலும் அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வது என்று. சின்னப் பிள்ளை சொன்னாலும் சரி. அதேபோல ஓட்டுநர் 'இன்னைக்கு மஞ்சு ஜாஸ்தி, இதுக்கு மேல வேண்டாம்' என்று சொன்னால், கொடுத்த காசுக்குக் கணக்குப் பார்க்காமல் இறங்கிவிடுவது என்று. பேசிய வாடகையைக் குறைக்காமல் முழுசாகக் கொடுங்கள். காசு குறைந்துவிடுமோ என்ற பயம் இருந்தால் எந்த ஓட்டுநரும் 'வேண்டாம்' என்று சொல்லத் தயங்குவார். அப்படி ஒரு சங்கடத்தை அவருக்கு நாம் உண்டாக்கலாமா?

மேலே போன பிறகு என்ன இருக்கிறது? சிங்கப்பாறையில் நின்று சூரியோதயம் பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, உடனே இறங்கிவிடாதீர்கள். அங்கே 1930-களில் அமைத்த தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. நம் வீட்டில் கொதிக்கும் டீத்தூள் பெரும்பாலும் சி.டி.சி. வகை: இலையை எந்திரப் பல்லில் நசுக்கிக் கிழித்துக் குருணையாக்குவது. இங்கே ஆர்த்தடாக்ஸ் முறை. இலையை வாடவைத்து, உருட்டி, காற்றில் பழுக்கவிட்டு, உலர்த்தி, சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். பழைய எந்திரங்கள் ஓடும் சத்தத்தையும், அந்த மர வாசனையோடு கலந்த இலை மணத்தையும் குழந்தைகள் மறக்க மாட்டார்கள். அந்த உயரத்தில் தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே, சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். குக்கர் இல்லாமல் அங்கே அரிசி வேகவைப்பது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவர்களே கேட்பார்கள்.

கேட்கட்டும். ஏனென்றால் அங்கே அரிசி வேகவைத்துச் சாப்பிட்டு, குடும்பம் நடத்தும் மனிதர்கள் இருக்கிறார்கள். நமக்கு ஒரு நாள் த்ரில்லாகத் தெரியும் அதே பாதைதான் அவர்களுக்கு ரேஷன் வரும் பாதை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு இறங்கும் பாதை. மலை மக்களுக்குப் பாதை என்றால் என்ன என்பதை 2020 ஆகஸ்டு 6-ம் தேதி இரவு ராஜமலை பெட்டிமுடியில் பார்த்தோம். மண் சரிந்து தோட்டக் குடியிருப்பு புதைந்தது. 70 பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். வழியில் பெரியவரைப் பாலம் மழையில் அடித்துப் போயிருந்ததால் மீட்க வந்தவர்கள் போய்ச் சேரவே திண்டாடினார்கள். அதை நினைத்துக்கொண்டு, இலைக் கூடையோடு நடந்து வரும் தோட்டத்துப் பெண்களைப் பார்த்தால் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லத் தோன்றும். அவர்கள்மேல் புழுதியை இறைத்துவிட்டு ஹோ என்று கத்திக்கொண்டு போக மனம் வராது. சிப்ஸ் கவரையும் தண்ணீர் பாட்டிலையும் நம்மோடு கீழே கொண்டுவரவும் யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கொழுக்குமலை உச்சியில் நின்று குரங்கணிப் பக்கம் பார்க்கும்போது எங்கள் குழுவில் எல்லாருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் கொங்குப் பக்கத்திலிருந்தும் வந்த இளைஞர்கள் மேலே தங்கிவிட்டுக் குரங்கணியை நோக்கி நடந்து இறங்கும்போது காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். பலர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள். மலையை நேசித்துப் போனவர்கள் அவர்கள். அந்தச் சரிவில் மார்ச் மாதத்தில் புல் எவ்வளவு காய்ந்து கிடக்கும், தீ மேட்டில் ஏறும்போது எவ்வளவு வேகமெடுக்கும் என்பது பாதையில் போகும் பயணிக்குத் தெரியாது. வனத்துறைக்கும் உள்ளூர்க்காரருக்கும் தெரியும். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று விதிகள் வந்தன. தீக்காலத்தில் மலையேற்றம் நிறுத்தப்படுகிறது. 2024-ல் வனத்துறையே வழிகாட்டியோடு அழைத்துப்போகும் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டமும் தொடங்கியது. ஜீப்பில் மேலே போனவர்கள், "இங்கேயிருந்து நடந்தே குரங்கணிக்கு இறங்கிடலாமா?" என்று கேட்பது இன்னமும் நடக்கிறது. அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

நீலக்குறிஞ்சி 2018-ல் இந்த மலையில் பூத்தது. பன்னிரண்டு வருடக் கணக்குப்படி அடுத்தது 2030. அப்போது எவ்வளவு கூட்டம் வரும் என்று நினைத்துப் பாருங்கள். இப்போது மேல்வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் அன்றைக்கு நண்பர்களோடு தாங்களே வண்டி பேசிக் கிளம்பும் வயதில் இருப்பார்கள். எத்தனை பேர் ஏறலாம், எப்போது திரும்பலாம் என்பதையெல்லாம் நம்மைப் பார்த்துத்தான் அவர்கள் கற்றுக்கொள்ளப் போகிறார்கள்.

ஆசைப்பட்ட அம்மாவுக்கு வேறு வழி இருக்கிறது என்றேன் அல்லவா? பூப்பாறைக்கும் சின்னக்கானலுக்கும் நடுவில் ஆனையிறங்கல் அணை இருக்கிறது. சுற்றிலும் தேயிலைச் சரிவு, நடுவே பரந்த தண்ணீர். நல்ல தார் ரோட்டிலேயே கார் போகும். விடியற்காலையில் இளசுகள் ஜீப்பில் ஏறிப் போகட்டும். பெரியவர்கள் நன்றாகத் தூங்கி எழுந்து, சாப்பிட்டுவிட்டு, நிதானமாக அங்கே வரலாம். அவர்களோடு வீட்டில் ஒருவர் கட்டாயம் கூட இருங்கள். காவலுக்கு விட்டுப்போன மாதிரி அவர்களுக்குத் தோன்றக் கூடாது. மத்தியானம் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து சாப்பிடும்படி திட்டம் போடுங்கள். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே போடிமெட்டு இறங்கிவிடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்